"உடம்பு சரியில்லையா?" - மேக்கப்பைக் குறைத்ததும் எதிர்கொள்ளும் முதல் கேள்வி!

தினமும் ஃபவுண்டேஷன், காம்பேக்ட், லிப்ஸ்டிக் என்று ஆபீஸ் போய்க்கொண்டிருந்தவர், ஒரு திங்கட்கிழமை முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு கிளம்பிப் பார்க்கட்டும். லிஃப்ட்டில் ஒருவர், "என்னங்க, காய்ச்சலா?" என்பார். பக்கத்து சீட்காரர், "நைட் சரியா தூங்கலையா?" என்பார். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது இன்னொருவர் குரலைத் தாழ்த்தி, "வீட்ல ஏதாவது பிரச்னையா?" என்று கேட்டேவிடுவார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அவர்கள் இத்தனை நாள் பார்த்துப் பழகிய முகம் வேறு, அவ்வளவுதான்.

மேக்கப்பே போடாத பெண்கள் நம் ஊரில் ஏராளம். நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகும் அம்மாக்களிடம், "என்ன, நோ மேக்கப் லுக்கா?" என்று யாரும் கேட்பதில்லை. இங்கே நாம் பேசப்போவது போட்டுப் பழகி, பிறகு வேண்டாம் என்று குறைத்துக்கொண்டவர்களைப் பற்றி. அவர்களிலும் முழுக்க விட்டவர்கள் குறைவு. ஒருவர் லிப்ஸ்டிக்கை விட்டிருப்பார், கண்மையை விட்டிருக்க மாட்டார். இன்னொருவர் கல்யாணம், காதுகுத்துக்கு மட்டும் போடுவார். இன்னொருவர் ஃபேஷியல், ப்ளீச்சை நிறுத்தியிருப்பார். த்ரெடிங்குக்கு மட்டும் பார்லர் போவார். அவரவர் கோட்டை அவரவர் போட்டுக்கொள்கிறார்கள்.

லிப்ஸ்டிக்கும் ஃபவுண்டேஷனும் ராத்திரி முகம் கழுவினால் போய்விடும். கழுவினாலும் போகாத ஒன்று இருக்கிறது. "கொஞ்சம் கலர் கம்மி" என்று சின்ன வயதில் காதில் விழுந்த பேச்சும், அதற்காக வாங்கப்பட்ட க்ரீமும். மேக்கப்பை விடுவதைவிட அந்த க்ரீமை விடுவதுதான் பலருக்குக் கஷ்டமாக இருக்கிறது. உடம்புக்கு உண்மையில் ஆபத்தானதும் அந்த க்ரீம்களில் சில வகைகள்தான்.

மலர் டீச்சரும் 2 கோடி ரூபாய் விளம்பரமும்

2015-ல் 'பிரேமம்' வந்தபோது தமிழ்நாட்டுத் தியேட்டர்களிலும் மலர் டீச்சருக்கு விசில் பறந்தது ஞாபகம் இருக்கும். கன்னத்தில் பருக்களோடு, காற்றில் கலைந்த தலைமுடியோடு ஒரு ஹீரோயின். கோத்தகிரிப் பெண்ணான சாய் பல்லவி அப்போது ஜார்ஜியாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். பரு தெரியாமல் பூசி மறைக்க இயக்குநர் அல்போன்ஸ் புத்திரன் மெனக்கெடவில்லை. பருவோடு திரையில் வந்தால் ரசிகர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம் தனக்கு இருந்ததைப் பிறகு பேட்டிகளில் சாய் பல்லவியே சொல்லியிருக்கிறார்.

2019-ல் இன்னொரு செய்தி வந்தது. சிவப்பழகு க்ரீம் விளம்பரம் ஒன்றில் நடிக்க 2 கோடி ரூபாய் வரை பேசப்பட்டும் அவர் மறுத்துவிட்டார் என்பது அது. காரணம் கேட்டபோது அவர் சொன்னது தன் தங்கை பூஜாவைப் பற்றி. அக்காவைவிடத் தான் நிறம் குறைவு என்று தங்கைக்கு ஒரு குறை. கலராக வேண்டுமென்றால் பழமும் காய்கறியும் சாப்பிடு என்று அக்கா விளையாட்டாகச் சொல்ல, பிடிக்காததையெல்லாம் அந்தப் பெண் சாப்பிடத் தொடங்கியிருக்கிறாள். தன்னைவிடச் சின்னவளை அந்த ஒரு வார்த்தை எவ்வளவு பாதித்தது என்பதைப் பார்த்தபின், அந்த விளம்பரப் பணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறோம் என்று தோன்றிவிட்டதாம்.

2 கோடியை விட்டதைவிட எனக்கு அந்தத் தங்கை கதைதான் பெரிதாகப் படுகிறது. அதில் வில்லன் யாருமே இல்லை, பாருங்கள். பாசமான அக்கா, பாசமான தங்கை. ஆனாலும் அது நடந்திருக்கிறது. நம் வீடுகளிலும் அப்படித்தான் நடக்கிறது. குழந்தை பிறந்த ஆஸ்பத்திரி வார்டிலேயே, "காது மடலைப் பாரு, அந்தக் கலர்தான் வரும்" என்று ஆரம்பித்துவிடுகிறோம்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நடிகைகளின் 'நோ மேக்கப்'பை நம் முகத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளத் தேவையில்லை. அவர்களுக்கு நல்ல லைட்டிங் இருக்கிறது, கேமராமேன் இருக்கிறார், வேண்டும்போது சரும மருத்துவர் இருக்கிறார். அமெரிக்கப் பாடகி அலிசியா கீஸ் 2016-ல் மேக்கப் இல்லாமல் மேடையேறுவேன் என்று அறிவித்து உலகம் முழுக்கப் பேசப்பட்டார். 2020-ல் அவரே ஒரு சருமப் பராமரிப்பு பிராண்டைத் தொடங்கினார். மேக்கப் வேண்டாம் என்பதையும் பாட்டிலில் அடைத்து விற்க முடிகிறது!

பெயர் மாறியது, ட்யூப் மாறவில்லை

'ஃபேர் அண்ட் லவ்லி' இந்தியாவுக்கு வந்தது 1975-ல். அதன் விளம்பரக் கதை உங்களுக்கே மனப்பாடமாக இருக்கும். மாநிறப் பெண்ணுக்கு வேலை கிடைக்காது, வரன் அமையாது. சில வாரங்களில் சிவப்பாவாள், எல்லாம் கிடைத்துவிடும். இந்தக் கதையைப் பார்த்துக்கொண்டே மூன்று தலைமுறை வளர்ந்திருக்கிறது. ஆண்கள் தப்பிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அவர்களுக்கென்று 'ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்' 2005-ல் வந்துவிட்டது. அதற்கு முன்பு அக்காவின் ட்யூபைத் திருட்டுத்தனமாக எடுத்துப் போட்டவர்கள் கமென்ட்டில் கையைத் தூக்கலாம்.

இதற்கு எதிரான குரல்களில் முக்கியமான ஒன்று கிளம்பியது நம் சென்னையில் இருந்துதான். கவிதா இம்மானுவேல் தொடங்கிய 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 2009-ல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' பிரசாரத்தை ஆரம்பித்தது. 2013-ல் நடிகை நந்திதா தாஸ் அதில் இணைந்தபின் நாடு முழுக்கப் பேச்சானது. மாநிறமாக இருப்பவர்களை அழகற்றவர்கள், வாய்ப்பு இழந்தவர்கள் என்று காட்டக் கூடாது என்று 2014-ல் இந்திய விளம்பரத் தர கவுன்சில் விதிமுறை வெளியிட்டது. 2020-ல், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டதையடுத்து நிறவெறிக்கு எதிராக உலகமே பேசிக்கொண்டிருந்த நேரத்தில், 'ஃபேர்' போய் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது.

இன்று கடையில் 'ஃபேர்' என்ற வார்த்தை குறைந்துவிட்டது. அந்த இடத்தில் 'க்ளோ', 'பிரைட்', 'டீ-டேன்', 'கிளாஸ் ஸ்கின்' என்று நான்கைந்து வார்த்தைகள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. "உன் முகத்தில் இருப்பது டேன், உன் நிறம் இல்லை" என்கிறார்கள். பிறவியிலேயே மாநிறமாக இருப்பவர் எந்த டேனை எடுப்பார்?

மெடிக்கல் ஷாப் ட்யூப்... இதை மட்டும் கவனமாகப் படியுங்கள்

பெரிய கம்பெனி க்ரீம்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். பயப்பட வேண்டியது வேறு இரண்டு வகைகளுக்கு.

முதலாவது, ஸ்டீராய்டு கலந்த க்ரீம்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ட்யூபின் மேல் சின்ன எழுத்தில் இருக்கும். இவை உண்மையில் மருந்துகள். படை, அரிப்பு, மங்கு போன்றவற்றுக்கு மருத்துவர் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் எழுதித் தருவார். போட்ட சில நாளிலேயே முகம் வெளுத்து, பளபளப்பாகத் தெரியும். அந்தப் பளபளப்பைப் பார்த்துவிட்டு, சீட்டு முடிந்த பிறகும் அதே ட்யூபை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். "எனக்கு நல்லா வேலை செஞ்சுது, நீயும் போடு" என்று அது அக்காவிடமிருந்து தங்கைக்கு, தங்கையிடமிருந்து ஹாஸ்டல் ரூம்மேட்டுக்குப் போகும்.

உள்ளே நடப்பது இதுதான். தோல் மெலிந்துகொண்டே வரும். அடியில் இருக்கும் ரத்தக் குழாய்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரிய ஆரம்பிக்கும். பருக்கள் கொத்தாக வரும். கன்னத்தில் முடி வளரும். வெயிலில் போனாலே எரியும். பயந்துபோய் நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் இன்னும் அதிகமாகும். உடனே, "க்ரீமை விட்டதால்தான் முகம் கெட்டுப்போச்சு" என்று மறுபடி அதையே தேடிப் போவார்கள். இதற்கு இந்திய சரும மருத்துவர்கள் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்: 'ஸ்டீராய்டால் பாழான முகம்'. அவர்கள் தொடர்ந்து போராடியதில், 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு உத்தரவிட்டது. உத்தரவு இருக்கிறது. சீட்டைக் கேட்காத கடைகளும் இருக்கின்றன.

நீங்கள் இப்படி ஒரு ட்யூபை நீண்ட நாளாகப் போட்டுக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு இன்றிரவே குப்பையில் போட வேண்டாம். ட்யூபையும் எடுத்துக்கொண்டு ஒரு சரும மருத்துவரைப் பாருங்கள். எப்படிப் படிப்படியாக நிறுத்துவது, நடுவில் வரும் எரிச்சலுக்கு என்ன செய்வது என்று அவர்தான் சொல்ல முடியும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் சருமப் பிரிவு இருக்கிறது.

இரண்டாவது, பாதரசம் கலந்தவை. சருமத்துக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுக்கும். அதனால் நிறம் வெளுக்கும். ஆனால், அது தோலோடு நிற்பதில்லை. உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைத் தாக்குகிறது. கேரள மாநிலம் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் மருத்துவர்கள் இதைக் கண்டுபிடித்த விதம் ஒரு துப்பறியும் கதை மாதிரி இருக்கும். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு குறிப்பிட்ட சிறுநீரக நோயோடு 22 பேர் அங்கே வந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது அந்த நோயின் அரிதான ஒரு வகை. தோண்டித் துருவிக் கேட்டதில், அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பயன்படுத்தியவர்கள். க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலானவர்கள் தேறினார்கள். அதே 2023-ல் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனை நடத்தியது.

இந்த மாதிரி க்ரீமை அடையாளம் காண்பது ரொம்பக் கஷ்டம் இல்லை. ஒரு வாரத்தில் வெள்ளையாக்கும் என்று சொல்லும். டப்பாவில் தயாரிப்பாளர் முகவரியோ, பேட்ச் எண்ணோ, சேர்மானப் பட்டியலோ இருக்காது. இருந்தாலும் நமக்குப் புரியாத மொழியில் இருக்கும். வாட்ஸ்அப் குரூப், இன்ஸ்டாகிராம் பேஜ், வெளிநாட்டில் இருந்து வந்த சொந்தக்காரரின் பெட்டி வழியாகத்தான் பெரும்பாலும் கைக்கு வரும். இப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டிருப்பவருக்குச் சிறுநீர் நுரைத்துப் போனாலோ, கால், முகம் வீங்கினாலோ, மருத்துவரிடம் போகும்போது க்ரீமைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவராகக் கேட்பார் என்று காத்திருக்கக் கூடாது.

போகிறபோக்கில் இன்னொன்று. ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடம் வட்டமாக வெளுக்கிறதா? சில ஸ்டிக்கர்களின் பசையில் இருக்கும் ரசாயனம் அந்த இடத்தின் நிறத்தையே எடுத்துவிடும். இது சரும மருத்துவர்களுக்குப் பழகிய விஷயம். அரித்தாலே பிராண்டை மாற்றாதீர்கள், ஸ்டிக்கரையே கொஞ்ச நாள் நிறுத்துங்கள்.

எதை விடக் கூடாது?

எல்லாவற்றையும் விட்டேன் என்று சன்ஸ்கிரீனையும் விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். அது வேண்டாம். மங்கு, கரும்புள்ளி இருப்பவர்களுக்கு வெயில்தான் முதல் எதிரி. எஸ்.பி.எஃப் 30 போதும். வெயிலில் தோலைச் சுடவைக்கும் யு.வி.பி கதிரில் சுமார் 97 சதவிகிதத்தை அது தடுக்கும்; 50 என்றால் சுமார் 98 சதவிகிதம். ஒரு சதவிகிதத்துக்காகக் கூடுதல் காசு கொடுப்பதைவிட, வாங்கியதைச் சரியான அளவு போடுவது முக்கியம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் நீளமாக வைத்தால் வரும் அளவுதான் முகம், கழுத்துக்கு. கடுகளவு போட்டுவிட்டு, "எனக்கு வேலை செய்யலை" என்கிறவர்கள்தான் அதிகம்.

சன்ஸ்கிரீன், தோல் வறண்டால் ஒரு சாதாரண மாய்ஸ்சரைசர், முகம் கழுவ மென்மையான ஒன்று. இவ்வளவு இருந்தால் பிரச்னை இல்லாத சருமத்துக்குப் போதும். நம் தோலின் மேற்புறம் லேசான அமிலத்தன்மை கொண்டது. குளியல் சோப்புகள் பெரும்பாலும் காரத்தன்மை உள்ளவை. அதனால்தான் அடிக்கடி சோப்புப் போட்டால் முகம் இழுத்துப் பிடிக்கிறது. மேக்கப்பை விட்டதும் அதை அழிக்கிற வேலையும் போய்விடுகிறது. ராத்திரி இரண்டு முறை தேய்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டியதில்லை.

"கடையில் வாங்கினால்தானே கெமிக்கல், நான் எலுமிச்சைதான் தேய்க்கிறேன்" என்பவர்களுக்கு: எலுமிச்சைச் சாறு பட்ட தோல் வெயிலில் கொப்பளித்து, கறுத்துப்போகக்கூடும். சோடா மாவு, டூத்பேஸ்ட் எல்லாம் முகத்துக்கு வேண்டவே வேண்டாம். அடுப்படியில் இருந்தால் எல்லாம் முகத்துக்கும் நல்லது என்றால் மிளகாய்த்தூளும் அங்கேதானே இருக்கிறது! பயத்தம் மாவு பாட்டி காலத்துப் பொருள்தான். ஒத்துக்கொண்டால் தேய்த்துக் குளிக்கலாம். அதில் சிவப்பாவோம் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

கொரியாவில் உடைந்த காம்பேக்ட்டுகள்

இப்போது கல்லூரிப் பெண்களின் ஷெல்ஃபில் கொரிய சீரம்கள்தான். கே-டிராமா பார்த்து, கண்ணாடி மாதிரி மின்னும் சருமத்துக்காகப் பத்து ஸ்டெப் போடுகிறோம். அதே தென்கொரியாவில் 2018-ல் இளம்பெண்கள் தங்கள் லிப்ஸ்டிக்குகளை நொறுக்கி, ஐ-ஷேடோக்களை உடைத்து, அந்தப் படங்களை இணையத்தில் போட்டார்கள். 'இறுக்குக் கச்சையில் இருந்து தப்பித்தல்' என்று அந்த இயக்கத்துக்குப் பெயர். தினமும் மணிக்கணக்கில் ஒப்பனை செய்தால்தான் வெளியே வர முடியும் என்ற எதிர்பார்ப்பே அந்தக் கச்சை. மேக்கப் வீடியோக்களால் பிரபலமான லினா பே என்ற யூடியூபர், தான் அழகில்லை, அதில் தப்பும் இல்லை என்று ஒரு வீடியோ போட, மிரட்டல்கள் வரை வந்தன. அதே ஆண்டு ஏப்ரலில் எம்.பி.சி தொலைக்காட்சியின் செய்தி வாசிப்பாளர் இம் ஹியோன்-ஜு கண்ணாடி அணிந்து செய்தி வாசித்தார். மூக்குக் கண்ணாடி போட்டது, அவ்வளவுதான். அது அங்கே பெரிய செய்தியாகிவிட்டது!

அங்கே டிவி, இங்கே கடை. வேலைக்குப் போகும் இடத்தில் 'என் விருப்பம்' எவ்வளவு தூரம் செல்லும்? என் கல்லூரித் தோழி ஒருத்தி சென்னையில் ஒரு பெரிய ஷோரூமில் வேலை பார்க்கிறாள். காலையில் வருகைப் பதிவின்போது யூனிஃபார்ம், கொண்டை, லிப்ஸ்டிக் மூன்றையும் சூப்பர்வைசர் பார்ப்பார். லிப்ஸ்டிக்குக்குத் தனியாகக் காசு கிடையாது. சம்பளத்தில்தான் வாங்க வேண்டும். பத்து மணி நேரம் ஏ.சி-யில் நின்றுவிட்டு வந்து பரு வந்தால், பருவை மறைக்க இன்னும் ஒரு கோட். நோ மேக்கப் பற்றி எழுதுகிறேன் என்றதும் சிரித்தாள். "உனக்கென்ன, லேப்டாப்புக்கு முன்னாடி உக்கார்ற" என்றாள். உண்மைதான்.

அமெரிக்காவில் இதற்காக ஒருவர் கோர்ட்டுக்கே போனார். ரெனோ நகர கேசினோ ஒன்றில் சுமார் 20 ஆண்டுகள் பார் ஊழியராக இருந்தவர் டார்லின் ஜெஸ்பர்சன். பெண் ஊழியர்கள் கட்டாயம் மேக்கப் போட வேண்டும் என்று நிர்வாகம் விதி கொண்டுவர, மறுத்தவர் 2000-ல் வேலை இழந்தார். 2006-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிர்வாகத்தின் பக்கமே நின்றது. 2019-ல் விர்ஜின் அட்லான்டிக் விமான நிறுவனம் பணிப்பெண்களுக்கு மேக்கப் கட்டாயம் என்பதை எடுத்தது. ஒரு நிறுவனம் விதியைத் தளர்த்தியதே உலகச் செய்தியானது என்றால், மற்ற இடங்களில் விதி எப்படி இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

குறைக்க நினைப்பவர்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தத் தேவையில்லை. முதலில் டிராயரைத் திறந்து பாருங்கள். பல டப்பாக்களில் திறந்த ஜாடி மாதிரி ஒரு சின்னப் படமும் 6M, 12M என்று எண்ணும் இருக்கும். திறந்ததில் இருந்து அத்தனை மாதம்தான் ஆயுள். போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக்கு வாங்கிய மஸ்காரா இன்னும் இருந்தால் அது கண்ணுக்கு ஆகாது. அடுத்து, ஷாப்பிங் ஆப்பில் கடந்த ஆறு மாத ஆர்டர்களை எடுத்து, முகத்துக்கும் முடிக்கும் வாங்கியதை மட்டும் கூட்டிப் பாருங்கள். பலருக்கு அந்தக் கூட்டல் ஒன்றே போதும்.

பிறகு விடுமுறை நாள்கள், பக்கத்துக் கடை, காய்கறி மார்க்கெட் என்று சின்னதாகத் தொடங்கலாம். ஆபீஸ் கேள்விகள் எப்படியும் வரும். கேள்வி கேட்பவர்களுக்கு நீண்ட விளக்கம் கொடுக்க வேண்டியதில்லை. "நல்லாத்தான் இருக்கேன்" போதும். இரண்டு வாரத்தில் அவர்களுக்கும் பழகிவிடும். ஒரு நாள் சிவப்பு லிப்ஸ்டிக் போடத் தோன்றினால் போட்டுக்கொள்ளுங்கள். விரதம் ஒன்றும் கலைந்துவிடாது.

வீட்டில் வயதுக்கு வந்த பெண் குழந்தை இருந்தால், பருவைப் பற்றிப் பேசும் வேலையை மருத்துவரிடம் விடுங்கள். அந்த வயதில் பரு ஹார்மோனால் வருவது. அத்தை, சித்தி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்லும்போது அவள் கண்ணாடியைப் பார்ப்பதே தண்டனையாகிவிடும்.

இவ்வளவும் செய்த பிறகு செல்போன் ஒரு வேலை பார்க்கும். பல போன்களில் முன்பக்க கேமராவில் பியூட்டி மோடு தானாகவே வேலை செய்துகொண்டிருக்கும். சுருக்கத்தை அழித்து, நிறத்தை வெளுத்து, கன்னத்தை மெலிய வைத்துத்தான் படத்தையே தரும். எங்கள் வீட்டில் பொங்கலுக்கு எடுத்த செல்ஃபியில், வாழ்நாளில் பவுடரைத் தாண்டி எதுவும் போடாத என் பாட்டி மைதா மாவு நிறத்தில் இருந்தார். படத்தை வாங்கிப் பார்த்தவர், "எல்லாரும் இருக்கோம், இது யாரு நடுவுல?" என்று கேட்டார். கேமராவைத் திறந்து செல்ஃபி பக்கம் திருப்பினால் 'பியூட்டி' என்றோ, முகம் அல்லது மந்திரக்கோல் மாதிரியோ ஓர் அடையாளம் இருக்கும். அதைத் தொட்டு, எல்லா அளவுகளையும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டு வந்துவிடுங்கள். அப்படி வைத்து மறுபடி எடுத்த படத்தைத்தான் பாட்டி ஃப்ரேம் போடச் சொன்னார்.